குமராட்சியில் என் பானை புதையலானது

என் மனைவியின் முழங்கால்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். அது ஒழுங்காக இருந்திருந்தால், தன் தம்பி மகனின் காதணி விழாவுக்கு அவளே போயிருப்பாள். முழங்கால் வீங்கிக்கொண்டதால், சீர்வரிசைப் பெட்டியையும், கடலூர்ச் சித்திக்குக் கோடாலித் தைலத்தையும், "போன எடத்துல வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்ற புத்திமதியையும் கொடுத்து என்னை அனுப்பிவைத்தாள். மூன்றில் முதல் இரண்டைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நான் மலேசியாவில் கெடா மாநிலத்துக்காரன். சுங்கைப்பட்டாணியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் பழைய செங்கல் கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. சோழர்கள் கடாரம் என்று சொன்னது எங்கள் பக்கத்தைத்தான். ஓய்வுக்குப் பிறகு அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மண்ணைத் தோண்டிப் பழங்காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுப்பது என் பொழுதுபோக்கு. மணல் நிரப்பிய பெட்டியில் ஓட்டுச் சில்லுகளைப் புதைத்துவைத்துப் பிரஷ்ஷால் தேடவிடுவேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக நின்று தேடி எடுப்பார்கள். "நன்றி ஐயா" என்று ஒன்றாகச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுவார்கள். இத்தனை காலத்தில் ஒரு பிள்ளைகூட என்னைக் கேள்வி கேட்டதில்லை.

இதை ஒருநாள் போனில் சேகரிடம் சொல்லித் தொலைத்தேன். சேகர் என் மனைவியின் தம்பி. குமராட்சிக் கடைத்தெருவில் பிளக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். குமராட்சியை ஒட்டிய அவனுடைய கிராமத்து அரசுப் பள்ளியில் பெற்றோர் குழுவிலும் இருக்கிறான். நான் விமானம் ஏறுவதற்குள் பள்ளிக்கூட வாசலில் என் பேனர் ஏறிவிட்டது. "கடாரத்திலிருந்து வருகை தரும் தொல்லியல் அறிஞர்" என்று எழுதி, பக்கத்தில் என் கல்யாணப் போட்டோவை வெட்டிப் போட்டிருந்தான். கழுத்து மாலையை அழிக்க நேரமில்லையாம். பேனரைப் பார்த்த பலர் நான் காலமாகிவிட்டதாக நினைத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் கடலூர். மஞ்சக்குப்பத்தில் சித்தி வீட்டில் தைலத்தை ஒப்படைத்ததும் நெத்திலிக் குழம்பு வந்தது. எங்கள் ஊர் மீன்கறியில் லேசாக ஓர் இனிப்பு இருக்கும். இதன் காரம் நேராகக் காதுக்குப் போனது. கண்ணீரோடு சாப்பிட்ட என்னைப் பார்த்து, தன் அக்கா மகளான என் மனைவியின் நினைப்பு எனக்கு வந்துவிட்டதாகச் சித்தி நெகிழ்ந்துபோய் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார்.

பள்ளிப் பிள்ளைகள் தோண்டி எடுக்க ஒரு பானை வேண்டும். கடைகள் திருப்பாதிரிப்புலியூரில் இருப்பதாகச் சித்தி சொன்னார். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரை ஓர் எழுத்து விடாமல் உச்சரித்தேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு, அது எந்த ஊர் என்று கேட்டார். "திருப்பாப்புலியூர்" என்று பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

பானைக் கடைக்காரர், பொங்கலுக்கா காரியத்துக்கா என்று கேட்டார். இரண்டும் இல்லை, புதைப்பதற்கு என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நடுத்தரமான ஒரு பானையைத் தேர்ந்தெடுத்து, வாயைச் சிவப்புத் துணியால் மூடி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இரண்டு கைகளாலும் கொடுத்தார். நான் பேரம் பேச வாயெடுத்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடலூர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரம் பேருந்தில் நிற்கவே இடமில்லை. ஆனால் பானையோடு நான் ஏறியதும் கூட்டம் விலகியது. ஓர் இளைஞன் எழுந்து ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தான். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த அம்மாள் பூக்கூடையை மடியில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"யாருங்கண்ணா?"

என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "வாத்தியாருங்க" என்றேன்.

"வாத்தியாரா" என்று அவர் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எத்தினி புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரோ. கஷ்டப்படாம போனாரா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். முன் இருக்கை, பின் இருக்கை, நடுவில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரின் துக்கத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கஷ்டப்படவில்லை என்று சொன்னேன். கொள்ளிடத்தில்தானே கரைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பக்கம்தான் என்றேன். இறங்கும்போது அவர் ஒரு முழம் மல்லிகையைப் பானையின் கழுத்தில் சுற்றிவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஓய்வு பெற்ற நாளன்றுகூட என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லவிதமாகப் பேசியதில்லை.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரே நெரிசல். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். நெத்திலிக் குழம்பால் காயம்பட்ட நாக்குக்கு அது மருந்து போல இருந்தது. பிறகு மினி பஸ்ஸில், காது கிழியும் பாட்டோடு, வயல்களுக்கு நடுவே குமராட்சி. பூச்சுற்றிய பானையோடு நான் இறங்கியதைப் பார்த்துச் சேகர், "என்னா மாமா, யாரு செத்தா?" என்றான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர் கட்டடத்தைச் சுற்றிக்காட்டினார். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் கூரை ஒழுகும் இடங்களில் பிளாஸ்டிக் வாளிகள் வைத்திருந்தார்கள். எந்த வாளிக்குப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதில் பிள்ளைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. பல வருடம் அலைந்து இப்போதுதான் புதுக் கட்டடத்துக்கு அனுமதி வந்திருப்பதாக டீச்சர் சொன்னார். பின்பக்க மைதானத்தில் கட்டப் போகிறார்கள். அந்த இடத்திலேயே பிள்ளைகள் தோண்டட்டும், எப்படியும் அஸ்திவாரம் தோண்டத்தானே வேண்டும் என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் நானும் சேகரும் துணியையும் பூவையும் எடுத்துவிட்டு, குழி வெட்டிப் பானையைப் புதைத்தோம். பானைக்குள் பாசிமணி, ஒரு மண் பொம்மை, எங்கள் ஊர்க் கடைகளில் இப்போது யாரும் வாங்காத ஒரு சென் செப்புக் காசுகள் கொஞ்சம். அந்தக் காசுகள் பழசாகத் தெரிய வேண்டும் என்று வீட்டிலேயே உப்பிலும் எலுமிச்சைச் சாற்றிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பச்சைக் களிம்பு ஏற்றியிருந்தேன். எழுத்து, படம் எதுவுமே தெளிவாகத் தெரியாது. எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

மறுநாளே தோண்டும் நாள். நூல் கட்டிச் சதுரம் பிரித்தேன். மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு. மண் இறுக்கமா பொலபொலவென்றா என்று பார்க்க வேண்டும். எது எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை மறக்கக் கூடாது. இவ்வளவுதான் பாடம். எங்கள் ஊர்ப் பழக்கத்தில், முடித்ததும் அமைதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இங்கே எல்லாக் கைகளும் ஒன்றாக எழுந்தன. மண்புழு மண்ணைக் கலக்கிவிடாதா என்று ஒருவன். கோயில் மேலே இருக்கிறதே, அது புதுசா என்று ஒருத்தி. செத்தவர்கள் சாமான்களைத் தோண்டினால் அவர்கள் கோபப்படமாட்டார்களா என்று இன்னொருத்தி. கடைசியாகக் கேட்டவள் பெயர் யாழினி, ஏழாம் வகுப்பு. ஒடிசலான பெண். எதையும் பாதி நம்பிக்கையோடு கேட்பவள் போல ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து வைத்திருப்பாள். கோபப்பட மாட்டார்கள், நம்மை நினைக்க ஒருவர் இருக்கிறாரே என்று சந்தோஷப்படுவார்கள் என்றேன். அவள் தலை நிமிரவில்லை.

பானை அவள் கையில்தான் தட்டுப்பட்டது. பிரஷ்ஷால் தட்டித் தட்டி, வாயை, கழுத்தை, வயிற்றை வெளியே கொண்டுவந்தாள். பிள்ளைகள் கத்திய கத்து கடைத்தெருவரை கேட்டிருக்க வேண்டும். முதலில் சத்துணவு ஆயா வந்தார். அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், கிளாஸோடு. பானைக்குள்ளிருந்து பச்சைக் காசுகள் வந்ததும் யாரோ "பொதையல்" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை.

கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓ, மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இளைஞர். போட்டித் தேர்வுக்குப் படித்த வரலாறு இன்னும் அவர் தலையில் சூடாகவே இருந்தது. காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செம்பருத்திப் பூ மாதிரி ஏதோ தெரிகிறது, உள்நாட்டுக் காசு இல்லை, கடல் கடந்து வந்தது என்றார்.

"மலேசியாக் காசுங்க. நான்தான் கொண்டாந்தேன்" என்றேன்.

"அதத்தான் சார் நானும் சொல்றேன். கடாரத்துக் காசு."

திருப்பாப்புலியூரில் வாங்கிய பானையை நேற்று நான்தான் புதைத்தேன் என்றேன். புதையல் கிடைத்தால் அது தன்னுடையது என்று நாலு பேர் வருவது வழக்கம்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அப்படியே நான் புதைத்திருந்தாலும், வெளிநாட்டுக்காரர் அரசு நிலத்தில் எதற்காக ஒரு பொருளைப் புதைக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். சிலை கடத்தல் என்ற சொல் கூட்டத்தில் எங்கோ மெதுவாகக் கிளம்பி என் காலடிவரை வந்தது.

டீக்கடைக்காரர் மட்டும் என்னை ஓரமாக அழைத்துப்போய் ஒரு டீ கொடுத்தார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் தங்கள் ஆட்கள் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்து சண்டை போட்டதைத் தானும் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். "ஏதாவது சேதாரம் ஆயிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார். இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்றேன்.

சேகரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவன் போனில் யாருக்கோ அளவு சொல்லிக்கொண்டிருந்தான். "மாமா, கொஞ்சம் சும்மா இருங்க. ஊருக்கு ஒரு பேரு வருது" என்றான். ஒரு மணி நேரத்தில் புதுப் பேனர் வந்தது. "கடாரம் கண்ட எங்கள் ஊர்." இந்த முறை யாழினியின் படம். மாலை இல்லை. ஒரு யூடியூப்காரர் மைக்கோடு வந்து அவளிடம் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார். அவள் அம்மா, வயல் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவர், சேற்றுக் காலோடு மகளுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார்.

ஸ்டெல்லா டீச்சர் மட்டும் அந்தக் கூட்டத்தில் சந்தோஷமாக இல்லை. விஏஓ பானையைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, இனி இந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது, மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்க்கும்வரை எல்லாம் நிறுத்தம் என்று அறிவித்திருந்தார்.

"எப்ப வருவாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அதெல்லாம் வருவாங்க டீச்சர். வருசமானாலும் வந்துருவாங்க."

டீச்சர் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதில், வெயிலில் நிற்காதீர்கள் சார் என்று குடையைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குள் போய் வாளிகளைத் தள்ளி வைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்தபோதுதான் பாஸ்போர்ட் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குள் இறங்கியது.

அடுத்த நாள் டீச்சரும் நானும் சிதம்பரம் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். மினி பஸ் பாதி வழியில் ஆட்டு மந்தையில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் இறங்கிப்போய் ஆட்டுக்காரரிடம் புதையல் செய்தியைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் சொன்ன கணக்கில் பானைகள் பலவாகிவிட்டன. ஒன்றில் தங்கக் குதிரை.

அலுவலகத்தில் என் பானை ஓர் இரும்பு பீரோவின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரே நாளில் யாரோ அதற்குக் குங்குமம் வைத்து, செவ்வரளி சாத்தியிருந்தார்கள். பட்டா மாற்றத்துக்காக வந்தவர்கள் போகிற போக்கில் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் என்னிடம், சாமி என்ன சாமி என்று விசாரித்தார். தெரியாது என்றேன். அது நல்லது, தெரியாத சாமிக்குத்தான் சக்தி ஜாஸ்தி என்றார்.

தாசில்தார் நடுத்தர வயதுப் பெண்மணி. நாங்கள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். நான் உப்பு, எலுமிச்சைச் செய்முறையைக்கூட விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "பொதையல்னு எழுத எங்களுக்கு வழி இருக்கு சார். பொதையல் இல்லன்னு எழுதறதுக்குத்தான் வழி இல்ல. நாளைக்கு நானே எடத்த வந்து பாக்கறேன்" என்றார். நீங்கள் சொல்வது மட்டும் போதாது, நீங்கள் இதில் சம்பந்தப்பட்டவர், இடத்தில் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அது நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். எனக்கே திரும்பி வந்தபோது கசந்தது.

சாயங்காலம் சேகர் வீட்டுக்கு யாழினி வந்தாள். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். காதணி விழாவுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் இவளைப் பார்த்ததும் போட்டோ எடுக்க எழுந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"சார், அது நெஜமாவே உங்க பானையா?"

"ஆமாம்மா."

"திருப்பாப்புலியூர்ல வாங்குனதா?"

"ஆமா."

"அப்ப நான் கண்டுபுடிச்சது ஒண்ணுமே இல்லியா சார்?"

அவளுக்கு லட்டு கொடுக்கச் சொன்னேன். வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள். நாளைக்குத் தாசில்தார் முன்னால் எப்படியாவது நானே பேசி முடித்துவிட வேண்டும், அந்தப் பிள்ளையை இதில் இழுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். ஆதாரம் என்ன காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மைதானத்தில் திருவிழாக் கூட்டம். பஞ்சுமிட்டாய் வண்டிகூட வந்திருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒன்றை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். ஜீப்பில் வந்து இறங்கிய தாசில்தாருக்கு விஏஓ விளக்கத் தொடங்கினார். கடாரம், கப்பல், கொள்ளிடம் வழியாக வணிகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நன்றாகத்தான் பேசினார். எனக்கே அந்தப் பானை பழையதாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது.

நான் முன்னால் போவதற்குள் யாழினி கயிற்றுக்கு அடியில் புகுந்து குழிக்குள் இறங்கிவிட்டாள். கையில் ஜாமெட்ரி பாக்ஸ். அதிலிருந்து கசங்கிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். கடலைமிட்டாய் உறை.

"இது பானைக்கு அடியில இருந்துச்சு மேடம். கீழ இருக்கறதுதான் பழசுன்னு மலேசியா சார் சொல்லிக் குடுத்தாரு. அப்ப இந்தக் கவரு பானைய விடப் பழசா இருக்கணும்."

நாங்கள் குழி வெட்டிய சாயங்காலம் சேகர் கடலைமிட்டாய் தின்றுகொண்டேதான் வெட்டினான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தன் பேனரில் ஏதோ எழுத்துப் பிழை இருப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஏஓ தளரவில்லை. வயல் பக்கம் எலி ஜாஸ்தி மேடம், எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. தன் வீட்டு எலி செல்போன் சார்ஜரையே இழுத்துக்கொண்டு போனதாக ஒருவர் சாட்சி சொன்னார். தாசில்தார்கூடத் தலையாட்டினார். எலி வளை எங்கேயும் இல்லை, நாங்கள் பார்த்துவிட்டோம் என்று பிள்ளைகள் கத்தினார்கள். யாழினி கத்தவில்லை. குழியின் சுவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இந்த வெள்ளக் கோட்டப் பாருங்க மேடம்."

எல்லாரும் குனிந்தோம். குழியின் சுவரில், மேலிருந்து ஒரு முழ ஆழத்தில், கறுப்பு மண்ணுக்கு நடுவே வெளிறிய மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடியது. எத்தனையோ தடவை அந்தக் குழிக்குள் இறங்கி ஏறியும் என் கண்ணில் அது பட்டிருக்கவில்லை. பானை கிடைத்தது எங்கள் சதுரத்தின் ஓரத்தில். அதனால் அந்தப் பக்கச் சுவரில், நானும் சேகரும் வெட்டிய பள்ளத்தின் பாதி, கிண்ணத்தை நடுவில் அறுத்தது போலத் தெரிந்தது. வெள்ளைக் கோடு இந்தப் பக்கமிருந்து வந்து கிண்ணத்தின் விளிம்பில் நின்றது. அந்தப் பக்கம் மறு விளிம்பிலிருந்து திரும்பத் தொடங்கியது. நடுவில் இல்லை.

"பானை பழசா இருந்தா கோடு அதுக்கு மேலால போவணும். போவல. அறுந்துருக்கு. கோடு வந்ததுக்கு அப்புறந்தான் யாரோ அத வெட்டிப் பானைய வெச்சிருக்காங்க" என்றாள். மேலே அவள் படம் போட்ட பேனர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கோடு என்ன, எப்போது வந்தது என்று தாசில்தார் கேட்டார். யாழினிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. விஏஓ செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கோட்டைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்தார். மினுமினுத்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் போட்டித் தேர்வு இல்லை.

"ஆத்து மணலு மேடம். கொள்ளிடம் ஒடச்சிக்கினு வந்துச்சே, அந்த வெள்ளத்துல வந்தது. நான் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் அப்ப நாலாவது படிச்சேன். தண்ணி வடிஞ்சதும் இந்த எடம் பூரா வெள்ளையா கெடந்துச்சு. அப்புறந்தான் மண்ணடிச்சு மேடாக்குனாங்க."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அவர் நான்காம் வகுப்புப் படித்த காலத்துக்கு முன்னால் அந்தப் பானை அங்கே போயிருக்க வழியில்லை. உள்ளங்கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு, "மலேசியா சார் பானைதான் மேடம்" என்றார்.

தாசில்தார் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்து, கட்டட வேலையை ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்றார். டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பானையைப் பற்றிக் கேட்டேன். அரசாங்கத்துக்குள் வந்த பொருளைப் புதையல் என்றால் மேலே அனுப்பலாம், புதையல் இல்லாத பானையை வெளியே அனுப்ப வழி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்றார். அது இன்னும் சிதம்பரத்தில்தான் இருக்கிறது. தினமும் பூ வைக்கிறார்களாம்.

கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். கலையவில்லை. குழியைச் சுற்றி இன்னும் நெருங்கி நின்றார்கள். தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று யாரோ ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் இல்லை, இதுவரைக்கும் என்று நெஞ்சில் வைத்தார். சத்துணவு ஆயா கழுத்தில். யாழினியின் அம்மா, தான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த வருடம் அது என்று சொல்லித் தாடைக்குக் கீழே கையை வைத்தார். கல்யாணப் புடவைகள் எல்லாம் அதில்தான் போயினவாம். விஏஓ குழிக்குள்ளிருந்தபடியே தலைக்கு மேலே கையைத் தூக்கினார். நாலாம் வகுப்புப் பையனுக்கு அவ்வளவு. சேகரும் கை வைத்தான். ஜீப் பக்கம் நடந்த தாசில்தார்கூடத் திரும்பி வந்து, தங்கள் ஊரில் இவ்வளவு என்று வயிற்றில் கையை வைத்தார். புதையல் பார்க்க வந்த ஊர் முழுவதும், ஆளுக்கொரு உயரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றது. யாரும் கையை இறக்கவில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த யாழினி குழிக்குள் நின்று எல்லாக் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, வெள்ளைக் கோட்டின் மேல் தன் சுண்டுவிரலைப் படுக்க வைத்து அளந்தாள்.

"ஒரு வெரல் தண்டி கூட இல்லியே சார்" என்றாள். "இதுக்கா அவ்ளோ தண்ணி?"